வெள்ளைச் சாரனில் கறள்

மருதமுனைக் கடற்கரை வீதியில் நின்று றிம்சான் யாரென்று விசாரித்தால் ஒரே பதில்தான் வரும்: "சபூறாட மூத்த மருமகன். கட்டார்ல சுப்பவைசரா இரிந்தவர்." பெயரைவிட அந்தப் பதவிக்குத்தான் ஊரில் செல்வாக்கு அதிகம். கலியாணப் பத்திரிகை கொண்டுவருகிறவர்கள்கூட உறையில் "சுப்பவைசர் றிம்சான்" என்றே எழுதினார்கள்.

அது பொய். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வாசிக்கிறவர்களும் அவனை நம்பிவிடுவார்கள். அவ்வளவு கச்சிதமான தோற்றம். நரை எட்டிப்பார்க்கும் கிருதா, மடிப்புக் கலையாத சட்டை, பேச்சுக்கு முன்னால் ஒரு செருமல். நாற்பத்தொரு வயதுக்கு அவ்வளவும் எடுப்பாகத்தான் இருந்தது.

உண்மை என்னவென்றால், டோஹாவுக்கு வெளியே ஒரு தகரக் கொட்டிலில் பன்னிரண்டு வருசம் அவன் இரும்புக் கதிரை சுரண்டினான். பெரிய பங்களாக்களின் தோட்டத்தில் வெயிலும் உப்புக்காற்றும் தின்ற கதிரைகள், மேசைகள், ஊஞ்சல்கள் எல்லாம் லொறியில் வந்து இறங்கும். பழைய பெயின்டைச் சுரண்டி, கம்பி பிரஸ்ஸால் கறள் என்கிற துருவைத் தேய்த்து, கழுவிக் காயவைத்து, அது திரும்பப் பிடிக்காமலிருக்க அன்டி கொரோசிவ் அடித்து, அதற்குமேல் பெயின்ட் அடித்து, புதுச் சாமான்போலத் திருப்பி அனுப்புவார்கள். அதில் அவன் கெட்டிக்காரன். இலையும் கொடியுமாக வளைந்த கம்பிகளுக்குள்ளே விரல் நுழைத்துக் கறள் எடுக்க அந்தக் கொட்டிலில் அவனைவிட ஆள் கிடையாது. சுப்பவைசர் வேறொருவர். அவர் ஒருநாள் சாப்பிடப் போன நேரம் அவருடைய கதிரையில் உட்கார்ந்து, அவருடைய மேசையில் கையூன்றி, றிம்சான் ஒரு படம் எடுத்துக்கொண்டான்.

அந்தப் படம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. அப்போது சாய்ந்தமருதில், அவன் பிறந்த வீட்டில், அவனுக்குப் பெண் பேசிக்கொண்டிருந்தார்கள். இந்தக் கரையில் கலியாணம் என்றால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் வாழ்வான். வீட்டைக் கட்டிக் கொடுப்பது பெண்ணைப் பெற்றவர்கள். வாற மனிசன் என்ன தொழில் என்பதைப் பொறுத்துத்தான் வீட்டின் அறைகளும் தரைக்குப் போடுகிற ஓடும் தீர்மானமாகும். மருதமுனைப் பெண் வீட்டாருக்கு உம்மா அந்தப் படத்தைக் காட்டினா. "பொடியனுக்கு அங்க என்ன வேல?" என்று கேட்டதற்கு, "படத்தப் பாத்தா தெரியல்லயா, சுப்பவைசர்" என்றா. போனில் இதைக் கேட்ட றிம்சான், "ஏன் உம்மா அப்படிச் சொன்ன" என்று கேட்கவில்லை. "ம்" என்றான். அந்த ஒரு "ம்"முக்கு மருதமுனையில் மூன்று அறையும் ஓடு போட்ட விறாந்தையும் உள்ள வீடும், நஸ்லின் என்ற நல்ல பெண்ணும் கிடைத்தார்கள்.

லீவில் வருவதற்கு இரண்டு கிழமைக்கு முன்னமே அவன் கையுறை போடத் தொடங்குவான். நகக்கண்ணில் நிற்கும் கறுப்பை எலுமிச்சம்பழத்தால் தேய்ப்பான், உள்ளங்கைக் காய்ப்புக்குத் தேங்காயெண்ணெய் பூசுவான். ஊருக்கு வந்து இறங்கும்போது கை, கோப்பு புரட்டுகிற கைபோல இருக்கும். மனைவியிடம்கூட அவன் அதைச் சொல்லவில்லை. சொல்வதற்கு ஒவ்வொரு லீவிலும் ஒருநாள் பார்த்து வைப்பான். அந்த நாளில் யாராவது விருந்துக்கு வந்து "சுப்பவைசர்" என்று கூப்பிட்டுவிடுவார்கள்.

கம்பனி ஆள் குறைத்தபோது ஊரோடு வந்துவிட்டான். இப்போது இரண்டு வருசமாகிறது. தகுதிக்கேற்ற வேலை அமையவில்லை என்று சொல்லிக்கொண்டு, மாமி சபூறாவின் வளவில் ஓடுகிற நாலு கைத்தறிக்கும் மேற்பார்வை பார்க்கிறான். அந்தத் தறிகளுக்கு அவன் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. சாரன் நெய்கிற பெண்கள் அவனைக் கண்டால் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு தங்கள் பாட்டில் நெய்வார்கள்.

அவனுக்குக் கூடப்பிறந்தது ஒரே ஒரு காக்கா. பெயர் நூஹு. சாய்ந்தமருதில் பெயின்ட் பாஸ், வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவர். தனக்குப் பதினாறு வயதில் வாப்பா மௌத்தான நாளிலிருந்து சுவரடித்துத்தான் தம்பியைப் படிக்கவைத்தார். ஏஜென்சிக்கும் பாஸ்போட்டுக்கும் அலைந்து விமானம் ஏற்றிவிட்டவரும் அவர்தான். தலைமயிரிலும் காதோரத்திலும் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் ஒட்டியிருக்கும். தம்பி சுப்பவைசர் என்பதை அவர் உம்மாவின் வாயால் கேட்டு அப்படியே நம்பியவர். வேலை செய்கிற வீடுகளில் ஏணியில் நின்றபடி, கேட்காதவர்களுக்கும் அதைச் சொல்வார்.

கதை தொடங்குவது போன மாரிக்கு முன்னால். றிம்சானின் மாமனார் உயிரோடிருந்த காலத்தில் பொத்துவில் பக்கம் மூடப்பட்ட ஒரு விடுதியிலிருந்து இரும்புக் கதிரை நாலும் வட்ட மேசை ஒன்றும் கொண்டுவந்து முற்றத்து மாமரத்தடியில் போட்டிருந்தார். முதுகில் கொடியும் இலையும் வளைத்த, உட்காருமிடத்தில் நாலு பட்டை வைத்த கதிரைகள். கடல் அங்கிருந்து இருநூறு அடிதான். காற்று உப்பைக் கொண்டுவந்து கொட்டிக்கொட்டி, கதிரைகள் கறள் பிடித்து, தொட்டால் கை சிவந்தது. அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் றிம்சானின் விரல்கள் தாமாக மடங்கும். மூன்று நாள் வேலை. அவன் கைபட்டால் பத்து வருசத்துக்கு அசையாது. ஆனால் சுப்பவைசர் எங்கேயாவது கதிரை சுரண்டுவாரா?

அந்த நேரம் நஸ்லினின் தங்கச்சி றுஸ்தாவுக்கு அக்கரைப்பற்றிலிருந்து ஒரு சம்மந்தம் சரிவந்தது. மாப்பிள்ளையின் வாப்பா ஸைனுலாப்தீன் ஹாஜியார், பெயருள்ள நெல் வியாபாரி. நாள் குறிக்க அவர்கள் வரப்போகிறார்கள் என்றதும் சபூறா மாமி வீட்டைத் தலைகீழாக்கினா.

"அந்தக் கதிரையெல்லாம் வெள்ளையடிச்சி எடுத்தா எவ்வளவு வடிவா இரிக்கும்," என்றா. "நம்மட நூஹுத் தம்பி இரிக்கக்கொள்ள வெளி ஆள் என்னத்துக்கு? மருமகன், காக்காக்கு ஒரு போன் கோல் எடுங்க."

நூஹு சைக்கிளில் வாளியும் பிரஸ்ஸும் கட்டிக்கொண்டு அடுத்த நாளே வந்தார். கதிரைகளைச் சுற்றிச்சுற்றி வந்து பார்த்துவிட்டு, விறாந்தையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த தம்பியிடம் வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"தம்பி, நான் சுவர் ஆள். இரும்பு அவ்வளவு பழக்கமில்ல. நீ இந்தமாதிரிச் சாமான் செய்ற கம்பனிலதானே இரிந்த, அவனுகள் எப்பிடிச் செய்வானுகள் எண்டு பாத்திரிப்பாய். ஒண்டு சொல்லித் தாவன்."

பக்கத்தில் நஸ்லின் நின்றாள். மாமி உள்ளேயிருந்து காதைக் கொடுத்துக்கொண்டிருந்தா. றிம்சான் ஒரு மிடறு குடித்தான், செருமினான்.

"நான் ஒபிஸ்ல இரிந்த ஆள் காக்கா. அந்தப் பக்கம் நான் போறல்ல. எனக்கு அது தெரியா."

"அதுவும் சரிதான்," என்றார் நூஹு. கேட்டதற்கே வெட்கப்பட்டவர்போலச் சிரித்துக்கொண்டு போனார்.

சுரண்டியால் மேலே மேலே சுரண்டினார். பிறகு வளவு மூலையிலிருந்த கிணற்றில் தண்ணீர் அள்ளிக் கதிரைகளைக் கழுவினார். அந்தக் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. கடல் ஊருக்குள் வந்துபோன சுனாமி வருசத்திலிருந்து அப்படித்தான். குடிக்கவும் சமைக்கவும் பைப் தண்ணீர், கால் கழுவக் கிணற்றுத் தண்ணீர் என்று வீட்டில் பழகியிருந்தார்கள். சுவருக்கு அந்தத் தண்ணீர் போதும் என்பது நூஹுவின் பழக்கம். கறள் பிடித்த இரும்புக்கு அதைவிட எதிரி கிடையாது என்பது றிம்சானுக்குக் கொட்டிலில் முதல் கிழமையே கற்றுக்கொடுத்த பாடம். கறளுக்குள் உப்பு ஊறிவிட்டால் மேலே எத்தனை கோட் பெயின்ட் அடித்தாலும் உள்ளே வேலை நடந்துகொண்டுதான் இருக்கும். நல்ல தண்ணீரில் கழுவி, உடனே துடைத்து, வெயிலில் சுடச்சுடக் காயவிட வேண்டும்.

நூஹு ஒவ்வொரு வாளியாக அள்ளி ஊற்றுவதை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். "காக்கா, பைப்ல கழுவுங்க" என்று சொல்ல எத்தனை நேரம் வேண்டும்? கோப்பை ஆறிப்போனது. ஆறியதையே குடித்து முடித்தான்.

அன்று பின்னேரமே அன்டி கொரோசிவ் இல்லாமல் வெள்ளை எனமல் இரண்டு கோட் ஏறிவிட்டது. மாமரத்தடியில் கதிரைகள் பளிச்சென்று நின்றன. மாமி வாய் நிறையப் புகழ்ந்தா. நூஹு சம்மந்தி வீட்டு வேலை என்று கூலியும் வாங்கவில்லை. இரண்டு மாங்காயை மட்டும் பையில் போட்டுக்கொண்டு போனார்.

பத்து நாளில் பெயின்டுக்கு அடியில் வேர்க்குருபோலப் பொருக்குகள் கிளம்பின. வேறு யாருடைய கண்ணுக்கும் படவில்லை, றிம்சானுக்கு மட்டும் பட்டது. மழை இரண்டு தரம் தூறியது. பொருக்குகள் பெருத்தன. ஒன்றை விரலால் அழுத்திப் பார்த்தான். உடைந்து பழுப்புத் தண்ணீர் கசிந்தது. விரலைச் சாரனில் துடைத்துவிட்டு உள்ளே போய்விட்டான்.

ஹாஜியார் வருகிற சனிக்கிழமை காலையில் மாமி ஈரத்துணியால் கதிரைகளை அழுத்தித் துடைத்தா. றிம்சான் விறாந்தையிலிருந்து இறங்கி வந்தான்.

"மாமி, பிளாஸ்டிக் கதிரை எடுத்துப் போடுவமா?" என்று கேட்டான்.

"நல்லாக் கதைச்சீங்க. சம்மந்தி வாறத்துக்குப் பிளாஸ்டிக் கதிரையா? ஒங்கட காக்கா மினக்கெட்டுச் செஞ்சது என்னத்துக்கு?"

அதற்குமேல் அவன் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தினால் ஏனென்று கேட்பார்கள்.

பின்னேரம் ஹாஜியார் வெள்ளைச் சாரனும் வெள்ளைச் சட்டையும் உடுத்து, அத்தர் வாசத்தோடு வந்து இறங்கினார். கூட வந்த பெண்கள் உள்ளே போனார்கள். மாமரத்து நிழல் குளிர்ச்சியாக இருக்கிறது என்று அவர் தாமாகவே அந்தக் கதிரையைத் தேர்ந்தெடுத்து உட்கார்ந்தார். கனத்த மனிசர். முக்கால் மணித்தியாலம் நெல் விலையும் யானைத் தொல்லையும் பேசினார். நல்ல மனிசர் என்று றிம்சானுக்குப் பேச்சிலேயே தெரிந்தது. அது இன்னும் மோசமாக இருந்தது. கெட்ட மனிசராக இருந்தால் கொஞ்சம் ஆறுதலாவது கிடைத்திருக்கும்.

அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னது. "வாங்க, ஜமாஅத்தோட தொழுதிட்டு வந்து நாளப் பேசுவம்" என்று ஹாஜியார் எழுந்து முன்னால் நடந்தார். பின்னால் நடந்த றிம்சான் பார்த்தான். வெள்ளைச் சாரனின் பின்புறத்தில் குறுக்காக நாலு பழுப்புக் கோடுகள். கதிரையின் பட்டை எத்தனை அகலமோ அத்தனை அகலம், நடுவில் உரிந்த பெயின்ட் செதில்கள் வேறு.

அந்த இடத்தில் அவரை மெல்ல ஓரமாகக் கூப்பிட்டு, "ஹாஜியார், ஒரு நிமிசம் உள்ளுக்கு வாங்க" என்று சொல்லியிருக்கலாம். நாலு தறி ஓடுகிற வீடு. அலமாரி நிறையப் புதுச் சாரன். சாரன் நெய்து ஊருக்கெல்லாம் கொடுக்கிற வீட்டின் மருமகன், ஒரு சாரன் எடுத்துக் கொடுக்கவில்லை. கொடுத்தால் கதிரைப் பேச்சு வரும். கதிரைப் பேச்சு வந்தால் எங்கே போய் நிற்குமோ என்று பயம். "பள்ளிக்குள்ள யார் பார்க்கப் போறா" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு பின்னாலேயே போனான்.

பள்ளிவாசலில் வெளியூர் விருந்தாளி என்று ஹாஜியாரை முதல் வரிசைக்கு அனுப்பினார்கள். றிம்சானுக்கு நேர் பின்னால் இரண்டாம் வரிசையில் இடம் கிடைத்தது. நாலு றக்அத்தும் அவன் கண்ணுக்கு நேரே அந்த நாலு கோடுகள். குனியும்போது விரிந்தன. சுஜூதுக்குத் தரையில் நெற்றி வைத்து எழும்பும்போது இன்னும் பக்கத்தில் வந்தன. ஓதியது எதுவும் மனதில் ஏறவில்லை. அல்லாஹ்வின் வீட்டில் நின்றுகொண்டு, "பக்கத்தில் நிற்கிறவன் பார்த்துவிட்டானா" என்று கடைக்கண்ணால் நோட்டம் விட்ட மனிசனின் நிலை எப்படியிருக்கும்? பார்த்திருந்தார்கள். எல்லோருமே பார்த்திருந்தார்கள். ஸலாம் கொடுத்துத் தொழுகை முடிந்ததும் பின்வரிசையிலிருந்து அடக்கிய சிரிப்பொன்று கேட்டது.

ஒரு முதியவர்தான் ஹாஜியாரின் காதில் சொன்னார். ஹாஜியார் திரும்பிப் பார்த்து, தண்ணீர்த் தொட்டியடியில் போய்த் தேய்த்தார். கறள் தண்ணீருக்குப் போகுமா? கோடுகள் கலைந்து ஒரே பழுப்புத் திட்டாகப் பரவின. "பரவாயில்ல, பரவாயில்ல" என்றார். ஆனால் வீட்டுக்குத் திரும்பி வந்தபின் அவர் உட்காரவில்லை. மாமி அவசரமாக உள்ளேயிருந்து எடுத்துக் கொடுத்த மெத்தைக் கதிரையிலும் உட்காரவில்லை. தேத்தண்ணியை நின்றபடி குடித்தார். கலியாண நாளைப்பற்றி அன்று பேசவில்லை. "போன்ல சொல்றம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஒரு கிழமையில் போன் வந்தது, நாளும் குறித்தார்கள். ஆனால் அந்தக் கிழமை முழுவதும் வீட்டில் அடுப்பெரிந்ததே பெரிய விசயம். றுஸ்தா அறையைவிட்டு வெளியே வரவில்லை. போன் வருவதற்கு முன்னமே, மூன்றாம் நாள், மாமி நூஹுவைக் கூப்பிட்டு அனுப்பினா.

முற்றத்தில் நிறுத்தி ஏசினா. பக்கத்து வேலிக்கும் கேட்டது.

"வெளி ஆளாயிரிந்தா நான் ஒரு வார்த்த கதைச்சிரிக்க மாட்டன். நம்மட ஆள் எண்டு நம்பித்தானே தந்த. இந்தக் கறளுக்கு மேல வெள்ளையப் பூசிப்போட்டுப் போறத்துக்கு ஒங்களுக்கு எப்பிடித் தம்பி மனம் வந்த? சொந்தத் தம்பி வாழுற வீட்டுக்கே இப்பிடிச் செய்ற ஆள், ஊரானுக்கு என்ன செய்வீங்க?"

"நான் ஏமாத்தணும் எண்டு செய்யல்ல மாமி," என்றார் நூஹு. "எனக்குத் தெரிஞ்ச அளவுக்கு நல்லாத்தான் செஞ்ச."

சொல்லிவிட்டு ஒருதரம் விறாந்தையில் இருந்த தம்பியைப் பார்த்தார். குற்றம் சாட்டுகிற பார்வை இல்லை. தனக்காக ஒரு வார்த்தை சொல்லமாட்டானா என்ற பார்வை. றிம்சான் போனை எடுத்துக் காதில் வைத்தான். வராத அழைப்புக்கு "ஹலோ, ஓம், சொல்லுங்க" என்று சொல்லிக்கொண்டே எழுந்து உள்ளே போனான். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டு, உயிரற்ற போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு, வெளியே மாமியின் குரல் ஓயும்வரை நின்றான். தன் வாழ்நாளில் செய்ததில் எது கேவலம் என்று கேட்டால் அவன் இதைத்தான் சொல்வான். நானும் அதை மறுக்கமாட்டேன்.

நம்முடைய ஊர்களில் பட்டப்பெயர் வைப்பதற்கு எவரும் கூட்டம் கூடுவதில்லை. அஸர் ஜமாஅத்தில் நின்றவர்கள் இருந்தார்கள், வேலியடியில் கேட்டவர்கள் இருந்தார்கள். ஒரு மாதத்துக்குள் சாய்ந்தமருதுவரை அது போய்விட்டது: "கறள் நூஹு". பட்டப்பெயர் என்றால் ஆளோடு போகாது, பிள்ளைகளின் கலியாணப் பேச்சுவரை வரும். நூஹுவுக்கு இரண்டு பெண்பிள்ளைகள். பேசி வைத்திருந்த இரண்டு வீட்டு வேலையும் கைமாறிப் போனது என்று நஸ்லின் எங்கேயோ கேட்டுக்கொண்டு வந்து சொன்னாள். "பாவம் ஒங்கட காக்கா" என்றாள். றிம்சான் சோற்றைப் பிசைந்துகொண்டேயிருந்தான்.

கலியாணத்துக்கு இரண்டு கிழமை இருக்கும்போது, வெயில் எறித்த ஒரு காலையில், நூஹு கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். யாரும் கூப்பிடவில்லை. சைக்கிளில் இந்தமுறை கம்பி பிரஸ்ஸும் ஒரு டின் அன்டி கொரோசிவும் இருந்தன. கல்முனையில் ஹார்ட்வெயார்க்காரனிடம் விசாரித்து வாங்கியதாம்.

"மாமி, கலியாணத்துக்கு ஆக்கள் வாற வீடு," என்றார். "நான் கெடுத்தத நானே சரியாக்கித் தந்திட்டுப் போறன்."

மாமி "செய்யுங்க தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு விறாந்தைப் படியில் உட்கார்ந்துகொண்டா.

நூஹு மூன்று மணித்தியாலம் சுரண்டினார். பழைய வெள்ளை உரிந்து தரையெல்லாம் கிடந்தது. பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு நேரே கிணற்றடிக்கு நடந்தார்.

விறாந்தையிலிருந்த றிம்சான் அந்த நடையைப் பார்த்தான். இந்த மனிசன் இன்றைக்கும் அதே தண்ணீரை ஊற்றப்போகிறார். கலியாணத்தன்று இன்னும் நாலு பேருடைய உடுப்பு கெடும். பிறகு கறள் நூஹு என்ற பெயரை மௌத்துக்குப் பிறகும் அழிக்க முடியாது. வாளி கிணற்றுக்குள் இறங்குகிற சத்தம் கேட்டது. எப்படி எழுந்தான் என்று அவனுக்கே தெரியாது.

"காக்கா, அந்தத் தண்ணி வேணாம். பைப் தண்ணில கழுவுங்க."

"ஏன் தம்பி?"

"அது உப்பு. இரும்புக்குள்ள உப்பு இறங்கினா பெயின்ட் நிக்கா."

சொல்லிக்கொண்டே வந்து கம்பி பிரஸ்ஸைக் கையில் எடுத்தான். நூஹு கறள் எடுத்துவிட்டதாக நினைத்த கதிரையைத் தலைகீழாகப் புரட்டி, கொடிகளின் இடுக்கிலும் பட்டைகளின் அடியிலும் தேய்க்கத் தொடங்கினான். இவ்வளவு நாள் சும்மா இருந்த கை ஒன்றையும் மறக்கவில்லை. எங்கே அழுத்த வேண்டும், எங்கே விரல் நுனியால் சாண்ட் பேப்பரைச் சுருட்டி நுழைக்க வேண்டும் என்று கண் பார்ப்பதற்கு முன்னமே கை போனது. இலை நரம்புகள் வெள்ளிபோல வெளியே வந்தன. பைப்பைப் பிடித்துக் கழுவி, துடைத்து, வெயிலுக்குத் திருப்பி வைத்தான். வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

மாமி படியிலிருந்து பார்த்துக்கொண்டேயிருந்தா. முகம் மலர்ந்துபோனது.

"பாத்தீங்களா நூஹுத் தம்பி? சுப்பவைசர் எண்டா சும்மா இல்ல. வேலையாக்களுக்குக் காட்டிக் குடுத்து காட்டிக் குடுத்து வந்த கை."

"ஓம் மாமி," என்றார் நூஹு. அவருடைய முகத்திலும் அதே மலர்ச்சி. "எங்கட தம்பி படிச்சவன். நான் என்ன, சுவருக்குத் தேய்க்கிற ஆள். அவன் பக்கத்தில நிண்டு காட்டினா நானும் பழகிருவன்."

தன் வேலையைப் பறித்த, தன் பெயரைக் கெடுத்த தம்பிக்காக அந்த மனிசன் பெருமைப்பட்டுக்கொண்டு நின்றார். றிம்சானால் அதைத் தாங்க முடியவில்லை. ஏச்சைத் தாங்கியிருப்பான். இதைத் தாங்க முடியவில்லை.

"நான் சுப்பவைசர் இல்ல மாமி," என்றான். "ஒருநாளும் இரிந்ததில்ல. பன்னெண்டு வருசமும் நான் இதத்தான் செஞ்ச. கதிர சுரண்டின. அந்தப் படம் வேற ஆள்ட மேசைல இரிந்து எடுத்த."

உள்ளேயிருந்து வந்த நஸ்லின் கதவடியில் நின்றுவிட்டாள். வளவுக்குப் பின்னால் தறிச்சத்தம் மட்டும் கேட்டது.

மாமிதான் முதலில் பேசினா. "அதுக்கென்ன மருமகன்," என்றா மெதுவாக. "களவா எடுத்த? ஹறாமா உழைச்ச? இந்த வீட்டில நானும் தறி மிதிச்ச ஆள்தான். அத அண்டைக்கே சொல்லியிரிந்தா நாங்க என்ன, பொண்ணு தரமாட்டம் எண்டா சொல்லியிரிப்பம்?" நஸ்லின் உள்ளே போய் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து அவன் பக்கத்தில் வைத்துவிட்டு, அவனுடைய முகத்தைப் பார்க்காமலே திரும்பிப் போனாள்.

இவ்வளவுதானா என்று றிம்சானுக்கு ஒரு மூச்சு வந்தது. இத்தனை வருசம் சுமந்தது இதற்காகவா என்றுகூடத் தோன்றியது. செம்பை எடுத்து அண்ணாந்து குடித்தான். செம்பைக் கீழே வைக்கும்போதுதான் நூஹுவைப் பார்த்தான். அவர் கையிலிருந்த சுரண்டி அப்படியே நின்றிருந்தது. அவருடைய முகத்தில் மலர்ச்சி இல்லை. எதையோ மனதுக்குள் வரிசைப்படுத்திப் பார்க்கிறவர்போல நின்றார்.

"அப்ப, அண்டைக்கு நான் கிணத்துத் தண்ணிய ஊத்தக்கொள்ள உனக்குத் தெரியுமா?"

"தெரியும் காக்கா."

"நான் ஒன்னட்ட வந்து கேட்டனே."

"ஓம்."

"மாமி என்ன முற்றத்தில வைச்சி ஏசக்கொள்ளயும் தெரியும்."

றிம்சான் தலையைக் குனிந்துகொண்டான். மாமி முக்காட்டு நுனியை வாயில் வைத்து வேறு பக்கம் திரும்பினா. அவவுக்கும் தன்னுடைய ஏச்சு அப்போதுதான் திரும்பக் கேட்டிருக்க வேண்டும்.

நூஹு சத்தம் போடவில்லை. சத்தம் போடுகிற மனிசர் இல்லை அவர். கதிரையின் பக்கத்தில் குந்தியிருந்து, பட்டையில் ஒட்டியிருந்த கடைசி வெள்ளைச் செதிலை நகத்தால் கிள்ளியெடுத்தார்.

"என்ட காதுக்குள்ள மட்டும் சொல்லியிரிக்கலாமே," என்றார். "நான் ஒருத்தருக்கும் சொல்லியிரிக்க மாட்டன். நீ சுப்பவைசராவே இரிந்திரிக்கலாம்."

"வெக்கமா இரிந்த காக்கா."

"என்னத்துக்குடா வெக்கம்?" அவர் நிமிர்ந்து பார்த்தார். காதோரத்தில் யாருடைய வீட்டுச் சுவரோ, ஒரு பச்சைப் பொட்டு காய்ந்து கிடந்தது. "நான் செய்ற தொழில்தானே அது."

அதற்கு றிம்சானிடம் பதில் இருந்தது. காக்காவின் தலைமயிரில் ஒட்டிய பெயின்டைக் கண்டு கூசிய சிறுவயதிலிருந்தே இருந்த பதில். அதைக் காக்காவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. நூஹு அன்டி கொரோசிவ் டின்னின் மூடியைத் திறந்து, பிரஸ்ஸைத் தம்பியிடம் நீட்டாமல் தானே தோய்த்து, முதல் கதிரைக்கு அடிக்கத் தொடங்கினார்.